மிலிட்டரிக்காரர் டாக்டர் பட்டம் படிக்கலாமா?

"தூக்கமே வரலீங்க ஐயா. பட்டாளத்துல பாறை மேல படுத்தாலும் தூங்கினவன் நான். இப்போ கட்டில், மெத்தை, ஃபேன் எல்லாம் இருந்தும் விடிய விடிய புரண்டுக்கிட்டே கிடக்கேன்."

காட்பாடியில் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஒருவர் சொன்னது இது. வயது முப்பத்தெட்டு. ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருபது வருடம் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கூடவே மனைவியும் வந்திருந்தார். நாடி பார்த்தேன். பித்தம் மிஞ்சியிருந்தது. சாப்பாடு, மலச்சிக்கல், ராத்திரி டீ எல்லாம் விசாரித்துவிட்டு, "மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினார். வீட்டிலிருந்தபடியே 'பொது சுகாதாரக் கல்வியில் டாக்டர் பட்டம்' வாங்கித் தருவதாகப் போனில் யாரோ பேசியிருக்கிறார்கள். இருபத்தைந்தாயிரம் முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதி சில லட்சம். பென்ஷன் விற்று வந்த பணம் பாங்கில் கிடக்கிறதே, அதிலிருந்து கட்ட வேண்டியதுதான். அந்த அம்மாவுக்கு விஷயமே என் எதிரில்தான் தெரிந்தது. முகம் போன போக்கைப் பார்த்தால் அடுத்த நாடி அவருக்குத்தான் பார்க்க வேண்டும் போலிருந்தது!

வேலூர்ப் பக்கம் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இங்கே உண்டு. முப்பத்தைந்து, நாற்பது வயதில் உடம்பில் வலுவோடு திரும்பி வருகிறவர்கள், அடுத்து என்ன என்று தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பை மோப்பம் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் அந்த ரசீதுக்கு வருவோம். தபால் வழியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்த நம் நாட்டில் அனுமதி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின், 2022-ஆம் வருட விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆன்லைனில் தருகிறோம் என்று கம்பெனிகள் செய்த விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று அதே வருடம் அக்டோபரில் யு.ஜி.சி. தனியாகவே எச்சரித்தது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் வெளியிடுகிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் அதைப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது.

"ஐயா, எனக்கு கிராஜுவேஷன் சர்டிபிகேட் ராணுவத்துலயே கொடுத்திருக்காங்களே?" என்றார் அவர்.

பல பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பத்தாவது தேறி 15 வருடம் சர்வீஸ் முடித்தவரை, பட்டப்படிப்பு கேட்கிற மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளுக்குத் தகுதியானவராக எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆணை உண்டு. அந்தச் சான்றிதழ் அதற்காகத் தரப்படுவது. வேலைக்குக் கதவு திறக்கும்; பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர அது பி.ஏ. ஆகாது. நல்லவேளை, இவர் சர்வீஸில் இருக்கும்போதே தபாலில் பி.ஏ. சமூகவியல் முடித்திருந்தார். அது முறையான பட்டம். அதற்கு மேல் ஒரு முதுநிலைப் பட்டம், அதில் 55 சதவிகிதம் மார்க் (ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவிகிதம் சலுகை) இருந்தால்தான் பிஎச்.டி. வாசலுக்கே போகலாம்.

அந்த அம்மா நடுவில் ஒரு கேள்வி கேட்டார். "இந்த டாக்டர் பட்டம் வாங்கினா ஊசி போடலாமுங்களா?"

கூடாது. இது ஆராய்ச்சிப் பட்டம். பெயருக்கு முன்னால் 'முனைவர்' போட்டுக்கொள்ளலாம். வைத்தியம் பார்க்க முடியாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பட்டாளத்தில் கம்பவுண்டர் வேலை பார்த்தவர் என்ற மரியாதையில் ஜனங்கள் வீடு தேடி வருவார்கள். இரண்டு ஊசி போட்டுப் பழகிவிட்டால் பிறகு நிறுத்துவது கஷ்டம். சட்டத்துக்கும் ஆகாது, நோயாளிக்கும் ஆகாது.

முன்னாள் வீரருக்கு எது நல்ல இடம்?

அமெரிக்காவில் 1944-லேயே, போரிலிருந்து திரும்பும் வீரர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் சட்டம் வந்துவிட்டது. 2008-ல் வந்த புதிய சட்டப்படி 36 மாதப் படிப்புக்கு உதவி உண்டு. டாக்டர் பட்டத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம். அதனால் அங்கே பல்கலைக்கழகங்களே 'வீரர்களே வாருங்கள்' என்று போட்டி போட்டுக் கூப்பிடுகின்றன. இங்கே அப்படிப் பலகை கிடையாது. பிரதம மந்திரி ஸ்காலர்ஷிப் இருக்கிறதே என்பார்கள். அது முன்னாள் வீரரின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும், தொழிற்படிப்புகளுக்குத் தரப்படுவது. வீரருக்கே கிடையாது. (வீட்டில் பெண் பி.எஸ்சி. நர்சிங் படித்தால் மறக்காமல் விண்ணப்பியுங்கள். 2019 முதல் பெண்களுக்கு மாதம் 3000 ரூபாய்.)

ஆனால் விதிகளுக்குள்ளே நமக்குச் சாதகமானவை இருக்கின்றன. பிஎச்.டி.க்கு உச்ச வயது வரம்பு யு.ஜி.சி. விதியில் இல்லை. பகுதி நேரமாகவும் படிக்கலாம். வேலையில் இருந்தால் அலுவலகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். பெண்களுக்கு இன்னும் 2 வருடம் கூட.

'நெட்' தேர்வில் 'சமூக மருத்துவம் மற்றும் சமுதாய நலம்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. 2024 ஜூன் முதல் நெட் மார்க்கை வைத்தே பிஎச்.டி. சேர்க்கைக்கும் போகலாம். உதவித்தொகையோடு கூடிய ஜே.ஆர்.எஃப். வேண்டுமானால் வயது 30-க்குள். ஓ.பி.சி.க்கு 5 வருடம் தளர்வு. ராணுவ சேவைக்காக, சர்வீஸைப் பொறுத்து, 5 வருடம் வரை இன்னொரு தளர்வு. எல்லாம் சேர்ந்தாலும் 10 வருடத்தைத் தாண்டாது. நம்மவருக்கு ஓ.பி.சி. சான்றிதழ் உண்டு. முதுநிலைப் படிப்பின் கடைசி வருடத்திலேயே நெட் எழுதினால் நாற்பதைத் தொடுவதற்குள் ஒன்றிரண்டு வாய்ப்பு கிடைக்கும். 2023 முதல் அந்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இதைச் சொன்னதும்தான் அந்த அம்மா நாற்காலியில் சற்று சாய்ந்து உட்கார்ந்தார்.

இடம் தேடும்போது 'பொது சுகாதாரக் கல்வி' என்ற பெயரையே தேடினால் அகப்படாது. பொது சுகாதாரம், சமூக மருத்துவம், சமூகப் பணி, கல்வியியல் என்று பல துறைகளுக்குள் இது ஒளிந்திருக்கும். கிண்டியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் ஊர் சேர்க்காட்டிலேயே 2002-ல் வந்த திருவள்ளுவர் பல்கலைக்கழகம். ராத்திரி காட்பாடியில் திருவனந்தபுரம் மெயில் ஏறினால் அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். பொது சுகாதாரத்துக்கென்றே உள்ள இடம், எம்.பி.எச்., பிஎச்.டி. இரண்டும் உண்டு. எந்தப் பட்டத்தோடு வந்தால் சேர்ப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் பட்டத்தை அவர்கள் பட்டியலோடு முதலில் ஒத்துப்பாருங்கள்.

என்னைக் கேட்டால், கட்டிடத்தைவிட வழிகாட்டியைப் பாருங்கள் என்பேன். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருக்கும் பேராசிரியர் புது மாணவரை எடுக்கக் கூடாது என்பது விதி. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. "உங்ககிட்ட இடம் இருக்குங்களா, உங்ககிட்ட ஏற்கனவே முடிச்சவங்க எத்தனை வருஷத்துல முடிச்சாங்க?" என்று நேரில் கேளுங்கள். முடித்த மாணவர் ஒருவரையாவது பாருங்கள். நாற்பது வயது மாணவரை 'தம்பி, டீ வாங்கிட்டு வா' என்று நடத்துகிறவரா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

ஆராய்ச்சிக்கு விஷயம் வேண்டாமா? நம் மண்ணில் அதற்குப் பஞ்சமே இல்லை. கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் மருத்துவமனை. கே.வி.குப்பத்தில் 1977 முதல் சி.எம்.சி.யின் 'ரூசா' கிராம சுகாதார மையம். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலாளி கையில் குரோமியம் பட்டுப் புண்ணாகிறதே, கையுறை இருந்தும் ஏன் போடுவதில்லை? தெரியாமலா, வழுக்குகிறது என்றா, வேலை தாமதமாகிறது என்றா? ஓய்வு பெற்ற ஜவான்களுக்கு 2003 முதல் ஈ.சி.எச்.எஸ். வைத்திய வசதி இருந்தும் பி.பி. மாத்திரையைப் பாதியில் ஏன் விடுகிறார்கள்? இதைக் கேட்க வெளியூர்ப் பிள்ளை போனால் அரை பதில்தான் கிடைக்கும். சக ஜவான் போய்த் திண்ணையில் உட்கார்ந்தால் முழுசாகச் சொல்வார்கள். முகாமில் குளோரின் கலந்து, கொசுவை ஒழித்து, நூறு பேரைத் தடுப்பூசிக்கு வரிசையில் நிறுத்தியவருக்குச் சுகாதாரக் கல்வி புதிதா என்ன? மலேரியா கொசுவால் பரவுவதை 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்டு ராஸும் ராணுவ வைத்தியர்தான்.

தூக்கத்துக்கு அமுக்கரா சூரணம் எழுதிக் கொடுத்தேன். ஆறு மணிக்கு மேல் டீ வேண்டாம், சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு என்றேன். ரசீதை எடுத்துக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுக்கச் சொன்னேன்.

பதினைந்து நாள் கழித்து வந்தார்கள். ஐந்து மணி நேரம் தூங்குகிறாராம். முன்பணம் வரவில்லை, மீதி லட்சங்கள் பாங்கிலேயே இருக்கின்றன. எம்.பி.எச்.சா, சமூகப் பணியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்றார்.

"ஐயா, பொம்பளைங்களுக்கு ரெண்டு வருஷம் கூடன்னு சொன்னீங்களே... நான் எம்.எஸ்சி. ஹோம் சயன்ஸ் முடிச்சிருக்கேன். அறுபத்திரண்டு பர்சென்ட்."

அவர் கணவர் செருப்பு மாட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.