ஒரே உணவகம், இரண்டு பந்திகள்

புகழ்மிக்க இடம் ஒன்றைத் தேடிச் சென்று மனம் வாடித் திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சென்றோம், உண்டோம், கேட்ட பணத்தைச் செலுத்தினோம். ஆயினும் ஏதோ ஓர் உறுத்தல் வீடுவரை நம்மைத் தொடர்ந்து வருகிறது. உணவில் குறை இருந்ததா? இல்லை. பரிமாறியவர் கடிந்து பேசினாரா? அதுவும் இல்லை. இவ்விடம் உமக்கு உரியதன்று என்பது, எவரும் வாய் திறந்து சொல்லாமலேயே நமக்கு உணர்த்தப்பட்டது; அவ்வளவே! இவ்வுறுத்தலை உலகறியச் செய்த நிகழ்ச்சி ஒன்றை இங்கு வாசகர்களுடன் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

புகழின் உச்சியில்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1974ஆம் ஆண்டு 'லெ சிர்க்' என்னும் உணவகம் திறக்கப்பட்டது. இத்தாலியிலிருந்து சென்று குடியேறிய சீரியோ மச்சியோனி என்பவர் அதன் உரிமையாளர். எளிய பணியாளராகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தவர் அவர். அரசியல் தலைவர்களும் பெருஞ்செல்வர்களும் அங்கு உண்பதைத் தங்களுக்குப் பெருமையாகக் கருதினர். அந்நகரின் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் உணவகங்களை ஆய்ந்து, அவற்றின் தரத்திற்கேற்ப நட்சத்திரங்கள் வழங்குவது வழக்கம். நான்கு நட்சத்திரம் என்பதே அதன் உச்சம். அவ்வுச்சத்தை லெ சிர்க் எட்டியிருந்தது.

1993ஆம் ஆண்டு ரூத் ரைக்கல் என்னும் அம்மையார் அந்நாளிதழின் உணவுத் திறனாய்வாளராகப் பொறுப்பேற்றார். அவர் நியூயார்க் வருவதற்கு முன்னரே உணவகங்கள் பலவற்றின் சமையற்கூடங்களில் அவருடைய நிழற்படம் ஒட்டப்பட்டிருந்தது. இன்னார் என்று அறிந்து உபசரிக்கப்படுபவர், அறியப்படாதவர் அடையும் அனுபவத்தை எங்ஙனம் எழுத இயலும்? ஆகவே அவர் ஒரு வழி கண்டார். பொய்முடி அணிந்து, உடையும் நடையும் மாற்றி, மிச்சிகன் மாநிலத்து முன்னாள் பள்ளி ஆசிரியை ஒருவரைப் போலத் தோற்றம் கொண்டு, வேறு பெயரில் இடம் பதிவு செய்து அங்குச் சென்றார்.

அறியப்படாத விருந்தாளி

நடந்தது யாது? முன்பதிவு செய்திருந்தும் மதுக்கூடத்தில் அரைமணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. புகைபிடிப்போர் பகுதி வேண்டாம் எனத் தெளிவாகக் கூறியிருந்தும் அப்பகுதியிலேயே இடம் தரப்பட்டது. வேறு இடம் உண்டோ என வினவியதற்குத் தோள் குலுக்கலே மறுமொழி. பரிமாறுவோர் பிறர் பார்த்து முடித்த உணவுப் பட்டியல்களை அவர் அருகே கொணர்ந்து போட்டவண்ணம் இருந்தனர். திராட்சை மது வகைகளின் பட்டியலை அவர் படித்துக்கொண்டிருக்கையில், அது தமக்குத் தேவை எனக் கையை நீட்டி வாங்கிச் சென்றார் ஒரு மேற்பார்வையாளர். அது திரும்பி வர இருபது நிமிடங்கள் ஆயின.

ஐந்து திங்களில் ஐந்து முறை அவர் அங்கு உணவருந்தினார். நான்காம் முறையில்தான் உரிமையாளர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். அக்கணமே அனைத்தும் மாறின! உணவு முடிந்து இனிப்பு வரும் வேளை அது. முன்பு வைத்திருந்த சிறு தட்டு மறைந்தது. பெரிய, பகட்டான தட்டு வந்தமர்ந்தது. அடுத்த முறை சென்றபோதோ, ஸ்பெயின் நாட்டு மன்னர் காத்திருக்கிறார், எனினும் தங்கள் மேசை ஆயத்தமாய் உள்ளது என்று கூறி வரவேற்றார் உரிமையாளர். மன்னரைக் காக்க வைத்து ஓர் எழுத்தாளரை அமர்த்தும் அளவுக்கு, அறியப்பட்ட பெயருக்கு ஆற்றல் இருந்தது.

1993 அக்டோபர் 29ஆம் நாள் வெளிவந்த திறனாய்வில், அறியப்படாத விருந்தாளி கண்ட உணவகம் ஒன்று, அறியப்பட்ட விருந்தாளி கண்ட உணவகம் மற்றொன்று என இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார் ரைக்கல். நான்கு நட்சத்திரம் மூன்றாகக் குறைந்தது.

உரிமையாளர் தரப்பில்

உரிமையாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆண்டு முழுவதும் வந்து ஆதரிக்கும் வாடிக்கையாளரைச் சற்று மிகுதியாகக் கவனிப்பது மனித இயல்பே. தொழில் தளரும் நாள்களில் தாங்கி நிற்பவர்களும் அவர்களே. எனினும், அறியப்படாதவரும் அதே விலையைத்தான் கொடுக்கிறார் அன்றோ? செல்வருக்கு அது மற்றுமோர் இரவு உணவு. சிறுகச் சிறுகச் சேர்த்து, திருமண ஆண்டு நிறைவுக்காகத் துணைவியை அழைத்து வந்த ஆசிரியருக்கோ அது வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் மாலை. ஏமாற்றம் யாரை ஆழமாகத் தைக்கும் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

தீர்ப்பளிப்போர் பொறுப்பு

மறுபுறத்தையும் நோக்குதல் நலம். பிரான்சு நாட்டின் சோலியு என்னும் சிற்றூரில் புகழ்பெற்ற உணவகம் நடத்திய பெர்னார் லுவாசோ, 1991 முதல் மிஷ்லேன் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றிருந்தவர். 2003ஆம் ஆண்டு 'கோ மியோ' என்னும் மற்றொரு வழிகாட்டி அவருக்கு அளித்துவந்த மதிப்பெண்ணை இருபதுக்குப் பத்தொன்பதிலிருந்து பதினேழாகக் குறைத்தது. மிஷ்லேன் நட்சத்திரமும் பறிபோகும் என்ற வதந்தி எழுந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 24ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கடன் சுமையும் மனச்சோர்வும் உடனிருந்தன. எனவே ஒன்றை மட்டும் காரணமாகக் கூறுதல் முறையன்று. அவர் அஞ்சிய அந்த நட்சத்திரமோ அவ்வாண்டு பறிக்கப்படவில்லை!

ஆகவே, குறை கூறுமுன் நிதானம் வேண்டும். ரைக்கல் அம்மையார் ஒருமுறை உண்டுவிட்டுப் பழித்தாரல்லர். ஐந்து முறை சென்று, சீர்தூக்கிய பின்னரே எழுதினார். சமையலை அவர் இகழவில்லை. வேற்றுமை பாராட்டிய வரவேற்பையே சுட்டினார். அத்தகைய குறைகூறல் திருத்தத்திற்கு வழி திறக்கிறது. 1997இல் லெ சிர்க் வேறு கட்டடத்தில் புதிதாகத் திறக்கப்பட்டபோது, அதே ரைக்கல் அம்மையாரே நான்காம் நட்சத்திரத்தைத் திரும்ப அளித்தார். மேலும் ஓர் இடமாற்றத்திற்குப் பின் 2017ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வுணவகம் நியூயார்க்கில் மூடப்பட்டது. மச்சியோனி 2020இல் காலமானார்.

நம் வீட்டுப் பந்தி

நம்முள் பெரும்பாலோர் அத்தகைய உணவகத்தின் வாயிலையும் மிதிக்கப்போவதில்லை. ஆயினும் நம் இல்லங்களிலும் பந்தி நடைபெறுகிறது. காரில் வந்திறங்கும் உறவினருக்கு எந்த நாற்காலி? பேருந்தில் வந்து, வியர்வை துடைத்துக்கொண்டு நிற்கும் உறவினருக்கு எந்த நாற்காலி? திருமண வீட்டில் முதல் பந்திக்குப் பரிமாறிய முகமலர்ச்சி, கடைசிப் பந்தி வரை நீடிக்கிறதா? பரிமாறிக் களைத்தவர் உண்ண அமரும்போது, அவர் இலையில் குழம்பாவது எஞ்சுகிறதா?

நம் வீட்டு வாயிலில் எந்தத் திறனாய்வாளரும் பொய்முடி அணிந்து வந்து நிற்கப்போவதில்லை. வந்து அமர்கின்ற எளியவரோ எதையும் எழுதமாட்டார். உண்டபின் கைகழுவி, விடைபெற்று, அமைதியாகச் சென்றுவிடுவார். அவர் மனம் நிறைந்து சென்றாரா என்பதை நாமே கேட்டறிதல் வேண்டும்.