தண்ணீர் கேட்காத பேட்டரி

தோட்டத்தை விட்டு நாங்கள் சிலிபினுக்குக் குடிவந்தபோது அப்பா ஓட்டிவந்த ஹோண்டா சி70 இன்னும் வீட்டில் நிற்கிறது. விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போன வண்டி. போன மாதம் அதன் பக்கமூடியைக் கழற்றினால், உள்ளே 6 வோல்ட் ஈய பேட்டரி தண்ணீர் வற்றி, தகடுகளில் வெள்ளை பூத்துக் கிடந்தது. பட்டறைத் தம்பி பார்த்துவிட்டு, “லித்தியம் போட்டுறலாமாண்ணே? தண்ணி ஊத்துற வேலையே இருக்காது” என்றார்.

அந்தத் தண்ணீரில்தான் விஷயமே இருக்கிறது.

சி70 போன்ற பழைய 6 வோல்ட் கப்சாயில் மின்சாரத்தை ஒருதிசைப்படுத்த ரெக்டிஃபையர் உண்டு. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த ரெகுலேட்டர் கிடையாது. எஞ்சின் வேகமெடுத்தால் வோல்ட்டும் ஏறும். அதைத் தாங்கிப் பிடிப்பது பேட்டரி. நிறைந்த பிறகும் மின்சாரம் வந்துகொண்டிருந்தால், ஈய பேட்டரி தன் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து வெளியே விட்டுவிடும். நாம் மாதாமாதம் ஊற்றிய தண்ணீர், வண்டியின் மிகை மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்த தண்ணீர். ஆக, அந்த ஈயப் பெட்டி மின்சாரத்தைச் சேமித்ததோடு ரெகுலேட்டர் வேலையையும் பார்த்திருக்கிறது.

லித்தியத்துக்கு இந்தப் போக்கிடம் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கென விற்பவை பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. ஒரு செல் 3.2 வோல்ட்; 12 வோல்ட் வண்டிக்கானதில் நான்கு சேர்ந்து 12.8. முழுதாக நிரம்பும்போது 14.6 வரை போகலாம், அதற்குமேல் ஏற்றினால் செல் கெடும். நல்ல பேட்டரியில் காவல் மின்சுற்று இருக்கும். ஆபத்து வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் ஓடும் கப்சாயில் பேட்டரி திடீரென்று விலகினால், ரெகுலேட்டர் இல்லாத மின்சாரம் நேராக பல்புகளுக்குப் பாயும். அத்தனையும் ஒரே நேரத்தில் கருகக்கூடும்.

இந்த இரும்பு பாஸ்பேட்டுக்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார் என்பது எனக்குப் பெருமை. தமிழ்நாட்டின் அமரபுரத்தில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் விஞ்ஞானி ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து, ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் போன்ற அயனித் தொகுதிகள் கொண்ட இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தார். அந்த வழியில்தான் 1990களில் குட்இனஃபின் குழு இரும்பு பாஸ்பேட்டை எட்டியது. இதில் பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிடித்திருப்பதால், கோபால்ட் வகைகளைப்போல் சூட்டில் எளிதில் ஆக்சிஜனை விட்டுத் தீயை வளர்க்காது. வெயிலில் நிற்கும் வண்டிக்கு, அதுவும் தொடைக்கடியில் இருக்கும் பெட்டிக்கு, இதைவிடப் பெரிய குணம் வேண்டியதில்லை. 2019இல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது, 97 வயதான அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவரும் மந்திரமே.

அப்படியானால் லித்தியம் யாருக்கு? 1969இல் வந்த ஹோண்டா சிபி750 மாதிரி, எலெக்ட்ரிக் ஸ்டார்ட் உள்ள 12 வோல்ட் வண்டிக்கு அது அருமையான பொருத்தம். எடை சில கிலோ குறையும். ஸ்டார்ட்டரைச் சுற்ற மின்சாரத்தை அள்ளிக் கொடுக்கும். குரோமை அரிக்கும் அமிலமும் இல்லை. வாரக்கணக்கில் நின்றாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காது. ஆனால் வாங்குமுன் மல்ட்டிமீட்டரை எடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கி, பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.8க்கும் 14.4க்கும் இடையே நின்றால் நிம்மதி. 15ஐத் தொட்டால் முதலில் ரெகுலேட்டரை மாற்றுங்கள், பேட்டரி காத்திருக்கட்டும். பழைய ஈய பேட்டரியை உயிர்ப்பிக்கும் உயர்வோல்ட் சார்ஜரையும் இதில் மாட்டக்கூடாது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர்-மணியை அப்படியே நம்பாதீர்கள். பல கம்பெனிகள் ‘ஈயத்துக்குச் சமமான’ எண்ணையே போடுகின்றன. உண்மைக் கொள்ளளவு அதில் பாதிகூட இருக்காது. வாங்குபவரை ஏமாற்றும் எழுத்து என்றே இதைச் சொல்வேன். வாட்-மணி போட்டிருந்தால் 12.8ஆல் வகுங்கள்: 48 வாட்-மணி என்றால் 3.75 ஆம்பியர்-மணிதான். எஞ்சின் நிற்கும்போது விளக்கு எரிய வேண்டுமானால் கணக்கில் வருவது இந்த எண்தான்.

அப்பாவின் வண்டியைக் காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். லித்தியத்தின் பெரிய பலமே அதற்குத் தேவையில்லை. தண்ணீர் ஊற்றும் 6 வோல்ட் ஈய பேட்டரியையே வாங்கி மாட்டினேன். பழையதைத் தம்பியிடம் கொடுத்தேன். ஈயத்தை உருக்கி மறுபடி பேட்டரியாக்குவார்கள். சுவர் நாள்காட்டியில் ஒவ்வொரு மாதமும் ஒரு நாளை வட்டமிட்டு, ‘தண்ணி’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.