அயல்நாட்டுக் கல்வி: முடிவு செய்வது யார்?

உயர்கல்வி பெற அயல்நாடு செல்வது மாணவரின் தனிப்பட்ட விருப்பம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும், அவ்விருப்பம் உருவாவதில் குடும்பம், சுற்றம், நட்பு, ஊர் வழக்கம் ஆகியவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அருகே அமைந்துள்ளது தனுவச்சபுரம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இப்பகுதியில் 1964-ஆம் ஆண்டு வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரி தொடங்கப்பட்டது. கல்லூரியை ஊருக்கு அருகே கொண்டுவந்தால் உயர்கல்வி எட்டாக்கனியாக இராது என்பது அக்கால நோக்கம். அது பெருமளவு நிறைவேறியது. ஆனால், அருகில் கல்லூரி இருப்பதனால் மட்டும் இளைஞர் ஊரில் தங்கிவிடுவதில்லை. 2023-ஆம் ஆண்டின் கேரளக் குடிபெயர்வு ஆய்வின்படி, அயல்நாடு சென்ற கேரள மாணவர் எண்ணிக்கை 2018-இல் சுமார் 1.3 இலட்சமாக இருந்து, 2023-இல் சுமார் 2.5 இலட்சமாக உயர்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் இது ஏறத்தாழ இரு மடங்காகும்.

சுற்றமும் நட்பும்

1970-களில் வலுப்பெற்ற வளைகுடாப் பயணமும், செவிலியர் பலர் அயல்நாடுகளில் பணியேற்றதும், கடல்கடந்து செல்வதைக் கேரளக் குடும்பங்களுக்குப் பழகிய செயலாக்கின. முன்னே சென்ற உறவினர் தங்குமிடம் காட்டுகிறார். பகுதிநேர வேலைக்கு வழி சொல்கிறார். இவ்வாறு முதலில் செல்பவர் அடுத்தவரின் செலவையும் அச்சத்தையும் குறைக்கிறார். வகுப்புத் தோழர் பலர் புறப்படும்போது, ஊரிலேயே படிப்பவர்தாம் காரணம் சொல்ல வேண்டிய நிலை ஏற்படுகிறது. குடும்ப மதிப்பு, திருமணப் பேச்சு ஆகியவையும் இத்துடன் சேர்கின்றன. வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். மாணவரை அனுப்பும் ஆலோசனை நிலையங்கள் அச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை.

ஒருதலைச் செய்தி

சுற்றத்தார் வழி வரும் செய்தியில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, வென்றவர் பேசுகிறார், தோற்றவர் பேசுவதில்லை. பட்டமளிப்புப் படம் ஊருக்கு வருகிறது. கடன் தவணை பற்றிய கவலை வீட்டுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டாவது, அது பழைய செய்தி. பெரும்பாலான அயல்நாட்டு மாணவர் குடும்பத்தினரை உடன் அழைத்துவருவதற்குப் பிரிட்டன் 2024 ஜனவரி முதல் தடை விதித்தது. கனடாவும் அதே மாதம் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பை அறிவித்தது. மூன்றாண்டுகளுக்கு முன் சென்ற உறவினரின் அனுபவத்தை நம்பிப் புறப்படுபவர், முற்றிலும் வேறான விதிகளைச் சந்திக்க நேரிடும்.

இப்பிழையின் சுமை குடும்பத்தின் மீதே விழுகிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, 7.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணையம் தேவை. சிறு குடும்பத்திடம் இருப்பது பெரும்பாலும் குடியிருக்கும் வீடும் அதைச் சூழ்ந்த நிலமுமே. படிக்கும் காலத்தில் தவணை இல்லையெனினும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டுவன

சமூகச் செல்வாக்கை அகற்றுதல் இயலாது, தேவையுமில்லை. அதை முழுமையான செய்தியால் நிறைவுசெய்தல் இயலும். ஒவ்வொரு கல்லூரியிலும், சென்று திரும்பியவர்களை, வெற்றி பெறாதவர்கள் உட்பட, மாணவரும் பெற்றோரும் சந்திக்க ஏற்பாடு செய்யலாம். நோர்க்கா ரூட்ஸ் போன்ற அரசு அமைப்புகளின் வழிகாட்டுதலைக் கிராமக் கல்லூரிகளுக்கும் எட்டச் செய்யலாம். அப்பட்டத்துக்கு இந்தியாவில் மதிப்பு உண்டா, படித்தபின் அங்கே எவ்வளவு காலம் பணிபுரியலாம், பகுதிநேர வருவாய் இல்லாமலே செலவைச் சமாளிக்க முடியுமா, வேலை கிடைக்காவிடில் கடனை அடைப்பது எவ்வாறு என்னும் நான்கு வினாக்களுக்கும் வீட்டைப் பிணையம் வைக்குமுன் விடை காண வேண்டும்.

அவ்விடைகளை அறிந்தபின் மாணவர் சென்றாலும் தங்கினாலும், அம்முடிவு அவருடையதாகவே இருக்கும்.