கள்ளியைத் தின்ற பூச்சி

மந்தைகள் மேய்ந்த வெளி என்னும் பொருளை மந்தைவெளி தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, அடையாற்றங்கரைச் சைதாப்பேட்டையில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு விந்தையான தோட்டம் இருந்தது. அங்கு வளர்க்கப்பட்டது கள்ளி! கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதனை அமைத்தார். கள்ளிச்சாற்றை உறிஞ்சி வாழும் கோச்சினீல் பூச்சியை வளர்த்து, அதிலிருந்து செஞ்சாயம் எடுப்பதே அவர் நோக்கம். அச்சாய வணிகம் அந்நாளில் ஸ்பானியர் கையில் இருந்தது.

1795இல் கேப்டன் நெய்ல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு அப்பூச்சிகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவை சென்னைக்கும் வந்தன. ஆனால், வந்தது உயர்ந்த சாயப்பூச்சி அன்று. அதன் காட்டு உறவினம். சாயம் தரம் தாழ்ந்திருந்தது. வணிகம் பொய்த்தது, பூச்சியோ தன் வேலையைச் செய்தது. அது பரவிய இடங்களில், புதராய் மண்டிக்கிடந்த ஒருவகைக் கள்ளி வாடி மடிந்தது. களையைப் பூச்சியால் ஒடுக்கலாம் என்பதற்கு உலகின் தொடக்கச் சான்றுகளுள் ஒன்று இவ்வாறு தற்செயலாகவே கிடைத்தது. பின்னர் அந்நோக்கத்துடனேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அப்பூச்சி பரப்பப்பட்டது.

எனினும், நாம் நன்கறிந்த சப்பாத்திக்கள்ளியை அது தீண்டவில்லை. அக்கள்ளியோ எளிதில் ஒழியாதது. ஒடிந்து விழும் ஒவ்வொரு மடலும் வேர்விடும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்பும். மேய்ச்சல் நிலங்கள் முட்காடாயின. 1926இல் கோச்சினீலின் வேறோர் இனம் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்டது. பஞ்சு போன்ற வெண்மெழுகைப் போர்த்துக்கொண்டு, மடலில் அசையாது ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. நசுக்கினால் விரல் சிவக்கும். சில ஆண்டுகளில் பெரும்பரப்பில் சப்பாத்திக்கள்ளி அழிந்தது. ஒவ்வோர் இனமும் தனக்குரிய கள்ளியை மட்டுமே நாடும். முன்பு குறையாகத் தோன்றிய இக்குறுகிய உணவுப் பழக்கமே பயிர்களுக்குக் காப்பும் ஆயிற்று. பசித்தாலும் அது நெல்லுக்கும் மாவுக்கும் தாவாது.

இப்பூச்சியின் தூரத்து உறவான பப்பாளி மாவுப்பூச்சி அத்தகையதன்று. 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட அது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பலவற்றையும் தாக்கியது. அதன் மெழுகுப்போர்வையை ஊடுருவ மருந்துத் தெளிப்பு திணறியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் என்னும் நுண்குளவி தருவிக்கப்பட்டு, ஆய்வகங்களில் பெருக்கப்பட்டு, வயல்களில் விடப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். பொரிக்கும் புழு உள்ளிருந்தே அதனைத் தின்றுவிடும். அடுத்த சில பருவங்களில் பப்பாளித் தோட்டங்கள் மீண்டும் தளிர்த்தன.