மடிக்கணினியின் இரைச்சலும் முறிக்கப்படும் எர்த் பின்னும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கல்யாண மண்டபம், கோயில் விழா, பள்ளி ஆண்டுவிழா என எங்கு மைக் செட் கட்டினாலும், முன்பு கேசட்டும் பின்பு குறுந்தகடும் செய்த வேலையை இன்று பெரும்பாலும் மடிக்கணினியே செய்கிறது. அதன் பக்கவாட்டில் உள்ள 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயரைச் செருகியதும், பாட்டுத் தொடங்கும் முன்பே ஒலிபெருக்கியில் ‘ம்ம்’ என்று ஓர் உறுமல் எழுவது இத்தொழிலில் இருப்போர் அனைவரும் அறிந்த தொல்லையாகும். வீட்டில் காதில் மாட்டிக்கொண்டு பாடம் கேட்கும் மாணவருக்கும் இதே தொல்லை மெல்லிய சீறலாகவோ கீச்சொலியாகவோ வந்து சேர்கிறது. உடனே ஹெட்போனை மாற்றிப் பார்ப்பது வழக்கம் என்றாலும், குற்றம் பெரும்பாலும் ஹெட்போனில் இருப்பதில்லை. ஒலிக்கும் மின்சாரத்துக்கும் பொதுவாக இருக்கும் பாதையில்தான் இருக்கிறது.

ஹெட்போன் பிளக்கின் நுனி இடக்காதுக்கும், அதற்கடுத்த வளையம் வலக்காதுக்கும் உரியவை. மைக் இணைந்த வகையில் நான்கு பகுதிகள் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் சென்ற மின்னோட்டம் திரும்பி வருவதற்குப் பொதுவான ஒரு பகுதி உண்டு. அதைத் தொழில்நுட்பத்தார் கிரவுண்ட் என்பர். மடிக்கணினியின் செயலி, வட்டு, திரை, மின்விசிறி ஆகியவற்றின் மின்னோட்டமும் இறுதியில் அதே கிரவுண்டில்தான் திரும்புகிறது என்பதால், அவற்றின் ஏற்ற இறக்கம் சிறிதளவேனும் ஒலியோடு கலந்துவிடுகிறது. ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஒலியின் மின்னழுத்தம் உச்சத்தில் ஏறத்தாழ 1 வோல்ட் அளவுதான். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான 1 மில்லிவோல்ட் இரைச்சல் சேர்ந்தாலும், பெரிய ஆம்ப்ளிஃபயர் அதையும் பெருக்கிக் கூட்டத்தின் காதில் விழச்செய்துவிடும்.

இரைச்சலின் குணத்தைக் கவனித்தாலே அதன் பிறப்பிடத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். மாறாத ‘ஸ்ஸ்’ ஒலி கணினிக்குள் இருக்கும் சிறு ஆம்ப்ளிஃபயர் சுற்றின் இயல்பான சீறலாகும். காதுக்குள் செருகும் நுண்ணுணர்வு மிகுந்த இயர்போன்களில் அது தெளிவாகக் கேட்கும். மவுசை நகர்த்தும்போது மட்டும் கீச்சொலி எழுந்தால், ஓய்ந்திருந்த செயலி விழித்துச் செயல்படும்போது அதன் மின்தேவை திடீரென மாறுவதன் எதிரொலி அது. இவ்விரண்டுக்கும் யுஎஸ்பி துளையில் செருகும் தனிச் சவுண்ட் கார்டு நல்ல தீர்வாகும்; ஒலியை உருவாக்கும் சுற்று கணினியின் பலகையை விட்டு வெளியே வந்துவிடுவதே அதன் பயன். பிளக்கைத் திருகும்போது மட்டும் கரகரவென்று கேட்டால், அது தொடுமுனையில் படிந்த அழுக்கின் வேலை. நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையத்திலும், மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியிலும் பஞ்சுத்தூசி இத்தகைய துளைகளில் புகுந்து படிய வாய்ப்பு மிகுதி. கணினியை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இலேசாக நனைத்த மெல்லிய மரக்குச்சியால் துடைத்தெடுத்து, நன்கு உலர்ந்தபின் செருகினால் இந்தக் கரகரப்பு பெரும்பாலும் போய்விடும்.

இவற்றைவிடச் சிக்கலானது, சார்ஜரைச் செருகியதும் தோன்றி, பிடுங்கியதும் மறையும் இரைச்சல். சார்ஜர், அதாவது அடாப்டர், நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி 19 அல்லது 20 வோல்ட்டாகக் குறைக்கிறது. அப்போது எழும் மின்காந்தக் குறுக்கீட்டை அடக்குவதற்காக உயரழுத்தப் பக்கத்துக்கும் தாழழுத்தப் பக்கத்துக்கும் இடையில் ஒரு சிறு கெப்பாசிட்டரை வைப்பார்கள். அதன் வழியே மிக நுண்ணிய மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். இரண்டு பின் அடாப்டரில் இந்தக் கசிவு மண்ணுக்குப் போக வழியில்லை. உலோக உடல் கொண்ட மடிக்கணினியைத் தடவும்போது விரலில் ‘சுர்’ரென்று உணர்வது அதனால்தான்; அதே கசிவு ஆடியோ வயர் வழியே ஆம்ப்ளிஃபயரை அடையும்போது உறுமலாகிறது. பேட்டரியில் மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பதே இதற்கு முதற்சோதனை. 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பெற்றவை போன்ற பழைய கணினிகளில் பேட்டரி செயலிழந்திருந்தால், இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. பேட்டரியை மாற்றுவதுதான் அங்கே முதல் வேலை. மாற்று அடாப்டர் வாங்குவோர், இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பதிவு எண் அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் இத்தகைய அடாப்டர்களும் அடங்கும்.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக ஆலைகள் பெருகிய ஊர் என்பதால், இரைச்சல் கேட்டதும் ‘மில் ஓடுவதால்தான் லைன் கெட்டுப்போகிறது’ என்று சொல்வது எளிது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள் மின்னலையின் வடிவத்தைச் சிதைப்பது உண்மையே. ஆனால் மின்கட்டமைப்பில் மின்னழுத்தச் சிதைவுக்கு மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறை வரம்பு கட்டியிருக்கிறது; ஆலைகளும் உயரழுத்த மின்சாரம் பெற்றுத் தமக்கெனத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கின்றன. வீட்டு இரைச்சலுக்கு வீட்டுக்குள் இருக்கும் எல்இடி விளக்கு, மின்விசிறி ரெகுலேட்டர், கிரைண்டர் மோட்டார் ஆகியவையே நெருங்கிய காரணங்கள். மின்தடையின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் உறுமல் இன்னும் கூடும். சைன் அலை இன்வெர்ட்டரில் அது வெகுவாகக் குறைந்திருக்கும்.

விழா மேடையில் கேட்கும் உறுமலுக்கோ வேறொரு காரணமும் உண்டு. மடிக்கணினி ஒரு சுவிட்ச் போர்டிலும் ஆம்ப்ளிஃபயர் தொலைவிலுள்ள வேறொன்றிலும் செருகப்பட்டு, இரண்டும் எர்த் எனப்படும் மண்ணிணைப்பு உடையவையாக இருந்தால், அந்த இரண்டு எர்த்துகளுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கவே செய்யும். ஆடியோ வயரின் கிரவுண்ட் கம்பி அந்த இரண்டையும் இணைத்து ஒரு வளையத்தை முழுமையாக்கிவிட, அதில் ஓடும் 50 சுழற்சி மின்னோட்டம் பாட்டோடு கலந்துவிடுகிறது. இதற்கு கிரவுண்ட் லூப் என்று பெயர். கரியும் உப்பும் இட்ட எர்த் குழி கோடையில் காய்ந்து மண்ணின் மின்தடை ஏறிவிட்டால் தொல்லை கூடக்கூடும்; குழியில் தண்ணீர் ஊற்றிவரும் பழக்கத்தைக் கைவிடக் கூடாது.

இதற்குரிய பாதுகாப்பான வழிகள் எளியவை. இரண்டு கருவிகளையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து இயக்கினாலே பாதிச் சிக்கல் தீரும். அதன்பின்னும் ஒலித்தால், கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கடைகளில் விற்கும் சிறு பெட்டியை ஆடியோ வயரின் நடுவில் இணைக்கலாம். அதற்குள் இருக்கும் இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் கம்பித் தொடர்பே இல்லாமல் காந்தப்புலத்தின் வழியே ஒலியை மட்டும் கடத்துவதால், வளையம் அறுபடுகிறது. மலிவான பெட்டியில் தவிலின் அடித்தொனி சற்று மெலியும். தொழில் செய்வோர் டிஐ பாக்ஸ் எனப்படும் தரமான வகையை வாங்குவதே முறை. கணினியின் ஒலியளவை உயர்த்தி, ஆம்ப்ளிஃபயரின் அளவைக் குறைத்து வைத்தால், எஞ்சிய சீறலும் அமுங்கும்.

ஆனால் பலர் கையாளும் குறுக்குவழி பிளக்கின் மூன்றாம் பின்னான எர்த் பின்னை முறித்து எறிவதுதான். உறுமல் உடனே நிற்பதால் அது தீர்வுபோலத் தோன்றுகிறது. அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்குக் காரணம், செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விடவேண்டும் என்பதே. ஆம்ப்ளிஃபயருக்குள் மின்கம்பி ஒன்று நழுவி உலோக உடலைத் தொட்டால், எர்த் இருக்கும்போது மின்சாரம் அதன் வழியே பாய்ந்து ஃபியூஸ் எரிந்து போகும். எர்த் இல்லாதபோது 230 வோல்ட்டும் அந்த உடலிலேயே தங்கி, வயரின் கிரவுண்ட் வழியே மைக்கின் உலோகப் பிடிக்கும் கணினிக்கும் வந்து நிற்கும். ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி விடியலில், மழையில் நனைந்த தரையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடித்துத் திருப்பாவை பாடும் சிறுமியின் உடலில் 30 மில்லிஆம்பியர் பாய்ந்தாலே இதயத்துடிப்பு சீர்குலைந்து உயிர் போகக்கூடும்.

ஆகவே மைக் செட் உரிமையாளர்கள் தங்கள் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பிளக்கையும் எடுத்துப் பார்த்து, முறிந்த மூன்றாம் பின்னை மாற்றி, ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் ஐசோலேட்டரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். விழா நடத்துவோரும் மண்டபம் வைத்திருப்போரும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி பொருத்தப்பட்ட இணைப்பிலிருந்து மட்டுமே மேடைக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.