கதிர்காமக் காட்டுக்குள் கவரேஜ் இல்லை: வீட்டில் எதைச் சொல்லிவிட்டுப் போவது?

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் கும்பிட்டுப் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில் என்று கிழக்குக் கரையை ஒட்டியே நடக்கிறார்கள். ஒன்றரை மாதம் அளவில் நடந்து, ஆடிவேல் திருவிழாக் கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் போய்ச் சேர்கிறார்கள். இதில் பெரும்பாலான நாட்களில் வீட்டோடு பேசுவது ஒரு பிரச்சினையே இல்லை. கோயிலுக்குக் கோயில் தங்கல், ஊருக்கு ஊர் அன்னதானம், வழி நெடுகக் கடை, கடையில் ரீலோட்.

சிக்கல் பொத்துவில் தாண்டி, பாணமையும் கழிந்த பிறகுதான் தொடங்குகிறது. உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகளுக்குள் இறங்கினால் கதிர்காமத்தில் வெளிப்பட நாலைந்து நாள் ஆகும். இடையில் ஊர் இல்லை, மின்சாரம் இல்லை. எங்காவது ஒரு மேட்டில் போன் ஒரு கோடு காட்டினாலும் அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

அந்த நாலைந்து நாளில் வீட்டில் இருப்பவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி தேவையில்லாதது. அம்மா காட்டுக்குள் போகப்போகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தத் திகதி இறங்குகிறார், எந்தத் திகதிவரை பேச்சு வராது என்பதுதான் தெரியாது. வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒற்றைச் சாம்பல் குறி அப்படியே நிற்கும். இரவில் நாலு தரம் எழுந்து அதையே பார்ப்பார்கள். அந்தக் குறிக்கு அர்த்தம் ஒன்றுதான்: செய்தி இங்கிருந்து போய்விட்டது, அவருடைய போனை இன்னும் எட்டவில்லை. போனை நிறுத்தி வைத்திருக்கலாம், சார்ஜ் இறங்கியிருக்கலாம், கவரேஜ் இல்லாமல் இருக்கலாம். காட்டுப்பாதையில் மூன்றும் சாதாரணம். அவர் வெளியே வந்து டேட்டா பிடித்ததும் காத்துக்கிடந்த செய்திகள் எல்லாம் ஒன்றாக இறங்கும்.

ஆகவே உகந்தையை அடைவதற்கு முன், கவரேஜ் நன்றாக உள்ள இடத்தில் நின்று, ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். "சனி விடிய இறங்குகிறோம். புதன் பின்னேரம் கதிர்காமத்தில் இருந்து பேசுவேன். வெள்ளிவரை பேசாவிட்டால் விசாரியுங்கோ." கூடவே, சேர்ந்து நடக்கும் இரண்டு பேருடைய பெயரும் நம்பரும். புதனுக்கும் வெள்ளிக்கும் இடையில் உள்ள அந்த இரண்டு நாள்தான் இதில் முக்கியம். கால் கொப்பளித்து ஒருநாள் கூடுதலாகத் தங்க நேரும். குமுக்கன் ஆற்றில் தண்ணீர் கூடினால் கடக்கச் சுணங்கும். சொன்ன நாளுக்கு அடுத்த நாளே வீடு 119க்குப் பொலிஸை அழைக்கும் நிலை வரக்கூடாது. அதேபோல வெள்ளி கழிந்தும் 'முருகன் பார்ப்பான்' என்று சும்மா இருக்கவும் கூடாது.

போனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கவரேஜ் இல்லாத இடத்தில் போன் சும்மா கிடப்பதில்லை. கோபுரத்தைத் தேடித் தேடியே சார்ஜை இறக்கிவிடும். காட்டுக்குள் இறங்கியதும் அதை நிறுத்திவிடுவது, அல்லது ஃபிளைட் மோடில் போடுவது நல்லது. தங்கும் கோயில்களில் ஒரு பிளக்கைச் சுற்றிப் பத்துப் போன்கள் கிடக்கும் என்பதால் பழைய பட்டன் போன் ஒன்றை வைத்திருப்பவர் கெட்டிக்காரர். கவரேஜ் மெலிந்த இடங்களில் வட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கும், குரல் அறுந்து அறுந்து வரும். சாதாரண எஸ்எம்எஸ் அதற்குள் போய்விடும். அதற்குத் தேவையான சிக்னல் அவ்வளவு குறைவு. "சுகம். பாணமை" என்று இரண்டு சொல் போதும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு நேரமும் ஒரு தடை. யாத்திரைக்காரர் விடியுமுன்னே நடக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் தங்கிவிடுவார். ரொறொன்ரோவில் மகள் வேலை முடிந்து இரவு 8 மணிக்கு எடுத்தால் இங்கே விடிய 5.30, அம்மா தெருவில் நடந்துகொண்டிருப்பார். இங்கே பின்னேரம் 6.30 என்றால் லண்டனில் பகல் 2 மணி, ரொறொன்ரோவில் காலை 9 மணி. கோயிலில் கால் நீட்டி இருக்கும் அந்த நேரத்தைப் பேச்சுக்கு என்று ஒதுக்கினால் இரு பக்கமும் நிம்மதி. ஒருவரிடம் பேசி, அவர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். நடந்து களைத்தவரை ஐந்து பிள்ளைகளும் தனித்தனியே அழைத்துக் கால்வலியைக் கேட்பது பாசம்தான். ஆனாலும் அவருக்கு அது இன்னொரு நடை.

இனி, எவரும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் நடந்துகொண்டிருக்கும்போது வீட்டில் ஒரு செத்தவீடு விழுந்தால்?

துடக்கோடு கோயிலுக்குள் போவதில்லை என்பது நம் வழக்கம். நெருங்கிய உறவென்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை அது நீளும். அதனாலேயே சில வீடுகளில், 'நேர்த்தி முடியட்டும், பிறகு சொல்வோம்' என்று மறைத்துவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் கொள்ளி வைக்க வேண்டிய மகனோ, கடைசியாக முகம் பார்க்க வேண்டிய சகோதரியோ கதிர்காமத்தில் கொடியேற்றம் பார்த்துவிட்டு வந்து அதைக் கேட்கும் நிலையை நினைத்துப் பாருங்கள். உகந்தைவரை எதையும் மறைக்கக்கூடாது என்பதே என் எண்ணம். அங்கிருந்து வாகனம் பிடித்து ஊர் திரும்பலாம். காட்டுக்குள் போய்விட்டால் செய்தி எட்டவே வழியில்லை. பின்னால் வரும் கூட்டத்திடம் சொல்லி அனுப்பினாலும் அவர்களும் நடந்துதானே வர வேண்டும்.

வீட்டில் முதியவர் ஒருவர் படுக்கையில் இருந்தால், இதைப் புறப்படும்போதே பேசி முடிவெடுத்துவிடுவது நல்லது. சொல்வதா, எதுவரை சொல்வது, யாரிடம் சொல்வது. அபசகுனம் என்று வாயை மூடுவதால் எதுவும் தள்ளிப்போகாது. சொல்ல வேண்டி வந்தால், முதலில் குழுவில் மூத்த சாமி ஒருவரிடம் சொல்லி, அவர் ஆளை ஓரமாக இருத்தித் தண்ணீர் கொடுத்துச் சொல்லட்டும். தெருவில் நடக்கிறவரின் கையில் உள்ள போனில் அந்தச் செய்தி திடீரென்று விழக்கூடாது.

போனே வேண்டாம் என்று நடப்பவர்களும் உண்டு, முக்கியமாக முதியவர்கள். அவர்களுடைய விரதம் அது, வற்புறுத்தக்கூடாது. அடையாள அட்டையோடு ஒரு சிறு அட்டையில் வீட்டு நம்பர், தினமும் எடுக்கும் குளிசையின் பெயர், ஒவ்வாத மருந்து ஆகியவற்றை எழுதி, நனையாமல் பொலித்தீனில் சுற்றித் துணிப்பையில் வைத்துவிடுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு இது போனைவிட உதவும்.

காட்டைவிட்டு வெளியே வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். திருவிழா நாளில் கதிர்காமத்தில் கூடும் சனத்துக்குப் போன் கோபுரங்கள் திணறும். கவரேஜ் முழுதாகக் காட்டியும் அழைப்பு போகாது. புத்தல வழியாக பஸ்ஸில் வந்து சந்திக்கப்போகும் குடும்பம் போனை நம்பாமல், இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். தெய்வானை அம்மன் கோயில் வாசல், காலை 8 மணி. காணாவிட்டால் அதே இடத்தில் பின்னேரம் 4 மணி. அன்றைக்கும் காணாவிட்டால் அடுத்த நாள் காலை 8 மணி.