பிறவிக் கண்புரை: ஒரு பிரதி நல்லதாக இருந்தும் வில்லை ஏன் மங்குகிறது?

பிறவிக் கண்புரைக்குக் கெடு உண்டு. ஒரு கண்ணின் வில்லை மட்டும் அடர்த்தியாக மங்கிப் பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 6 வாரத்துக்குள் சத்திரசிகிச்சை நடக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் என்றால் 8 முதல் 10 வாரம் வரை அவகாசம். அதைத் தாண்டினால் வில்லையை எடுத்த பிறகும் மூளை சரிவரப் பார்க்கப் பழகாது.

இதை இப்பக்கத்தில் எழுதியதும் கடிதங்கள் குவிந்தன. ஆனால் கெடுவைப் பற்றிக் கேட்டவர்கள் சிலரே. மற்றவர்கள் கேட்டது யார் பிழை என்றுதான். சாம்பல்தீவிலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருந்தார். சொந்த மச்சாளைக் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்களாம். கிளினிக்கில் கேட்டதற்கு ‘பரம்பரை’ என்று ஒரு சொல்லோடு அனுப்பிவிட்டார்களாம். அவருடைய தாய்க்கும் சின்ன வயதிலேயே கண்ணில் வெள்ளை இருந்ததாம். பிள்ளையை உடனே கண் வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லி அவருக்குத் தனியாகப் பதில் அனுப்பியாயிற்று. யார் பிழை என்ற கேள்வி பலருடையது என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

‘பரம்பரை’ என்றால் போதுமா?

போதாது. அது படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பும் சொல். பிறவிக் கண்புரைக்குச் சுகாதாரத் துறைகள் வைத்திருக்கும் கட்டங்களில் பெரியவை மூன்று: பரம்பரை, தொற்று, காரணம் தெரியாதது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த சிறுவர்களை வைத்து 1996இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் பரம்பரைக் கட்டத்திலும், ஏழில் ஒருவர் ருபெல்லாத் தொற்றிலும் விழுந்தனர். பாதிப் பேருக்குக் காரணமே தெரியவில்லை. இலங்கையில் 1996இல் தொடங்கிய தடுப்பூசியின் பயனாக, ருபெல்லா ஒழிந்துவிட்டதென்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த அறிவிப்பைப் பிறவிக் கண்புரையே ஒழிந்த செய்திபோல வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற இரண்டு கட்டங்களிலும் பிள்ளைகள் இன்னும் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் வில்லைக்குள் என்னதான் பிழைக்கிறது?

வில்லைக்கு இரத்தம் கிடையாது. கருவில் அதைச் சுற்றி ஓடும் நுண்ணிய நாளங்களும் பிறக்குமுன் வாடி மறைந்துவிடும். உள்ளே இருக்கும் நார்க்கலங்கள் ஒளிக்கு வழிவிடுவதற்காகத் தம் கலக்கருவையும் இழைமணிகளையும் அழித்துவிடுகின்றன. ஆனாலும் சாவதில்லை. தாயின் வயிற்றில் உருவான நடுக் கலங்கள் எண்பது வயதிலும் அதே கலங்கள்தான். கிரீன்லாந்துச் சுறாக்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்கின்றன என்று 2016இல் கண்டறிந்ததும் அவற்றின் கண்வில்லை நடுவைக் காபன் காலக்கணிப்புச் செய்துதான். அந்த இடம் பிறந்த நாளிலிருந்து மாறுவதே இல்லை.

இரத்தமும் இல்லை, கருவும் இல்லை என்றால் இந்தக் கலங்களுக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? கலத்துக்குக் கலம் குழாய் வைத்திருக்கின்றன. அந்தக் குழாய்தான் இடைவெளிச் சந்தி. அதைக் கட்டும் புரதத்துக்குக் கொனெக்சின் என்று பெயர். வில்லையில் மூன்று வகை உண்டு: 43, 46, 50. இந்த எண்கள் கிலோடால்ட்டன் கணக்கில் புரதத்தின் நிறையைக் குறிப்பவை. முன்பக்க மேலணிக் கலங்களில் 43உம் 50உம், உள்ளே நார்க்கலங்களில் 46உம் 50உம் இருக்கின்றன.

நியூயோர்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மத்தாயஸ் குழு பல்லாண்டு உழைத்து விளக்கிய படம் இது. சோடியம் வில்லையின் முன், பின் முனைகளால் உள்ளே நுழைந்து, நடுவில் கலங்களுக்குள் புகுந்து, இந்தக் குழாய்கள் வழியே விளிம்பை நோக்கி ஓடி வெளியேறுகிறது. நீரும் கூடவே போகிறது. எலி, முயல், நாய் வில்லைகளில் அளந்தபோது நடுவிலிருந்த அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 335 மில்லிமீற்றர். மனிதருக்கு இரத்த அழுத்தம் 140ஐத் தாண்டினாலே மாத்திரை கொடுக்கிறார்கள்! களப்பின் முகத்துவாரம் மண்ணால் அடைபட்டால் உள்நீர் எப்படிக் கெடுமோ அப்படித்தான் இங்கும். 46 இல்லாத எலிகளின் வில்லை நடுவில் கல்சியம் ஏறுகிறது, கல்சியத்தால் விழிக்கும் நொதிகள் படிகப் புரதங்களை வெட்டுகின்றன, ஒளி சிதறுகிறது, வெள்ளை தெரிகிறது.

தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் கொனெக்சின் மரபணுவின் ஒவ்வொரு பிரதி வருகிறதே. நல்லது ஒன்று இருந்தால் போதாதா?

இங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன். கொனெக்சின் தனித்து வேலை செய்வதில்லை. ஒரு கலம் ஆறு கொனெக்சினை வட்டமாக அடுக்கி அரைக் குழாய் செய்கிறது. பக்கத்துக் கலம் தன் ஆறைக் கொண்டுவந்து பொருத்துகிறது. பன்னிரண்டும் சேர்ந்தால்தான் ஒரு குழாய். இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது, நல்லதும் பழுதும் சரிபாதியாக உருவாகிக் கலந்து அடுக்கப்படுகின்றன என்று வையுங்கள். ஆறும் நல்லதாக அமைய வாய்ப்பு 64இல் ஒன்று. பன்னிரண்டும் நல்லதாக அமைய 4,096இல் ஒன்று. பன்னிரண்டில் ஒன்று கெட்டாலே குழாய் இயங்காது என்றால், பாதிப் பழுது ஏறக்குறைய முழுப் பழுதாகிவிடுகிறது.

இது தாளில் போட்ட கணக்கு மட்டுமில்லை. 1963இல் பிரித்தானியாவில் ரென்விக்கும் லோலரும் ஒரு குடும்பத்தில் கண்புரை டஃபி இரத்த வகையோடு சேர்ந்தே இறங்குவதைக் கவனித்தார்கள். 1968இல் டஃபியின் இடம் முதலாம் நிறமூர்த்தம் என்று தெரிந்தது. 1998இல் ஷீல்ஸ் குழு அந்தக் குடும்பத்திலேயே பிழையைப் பிடித்தது: கொனெக்சின் 50இன் 88ஆம் இடத்தில் புரோலின் இருக்கவேண்டிய இடத்தில் செரின். ஒரே ஓர் அமினோ அமிலம். பிறகு ஆய்வுகூடத்தில் இந்தப் பழுதை நல்லதோடு கலந்து பார்த்தபோது நல்லதையும் அது முடக்கியது.

மனதை உறுத்துவது இன்னொன்று. கொனெக்சின் மரபணுவின் ஒரு பிரதியையே அடியோடு நீக்கிய எலிகளுக்கு வில்லை தெளிவாகவே இருந்தது. பாதிப் புரதம் இல்லாமற்போனாலும் சமாளிக்கலாம். பழுதானது கூட்டத்தில் வந்து உட்கார்ந்தால்தான் கேடு. எல்லாப் பிழையும் இந்த வகை இல்லை. சில, புரதத்தைக் கலத்தின் விளிம்புக்கே வரவிடாது. சில, குழாயை ஒழுகவிடும்.

மச்சாளைக் கட்டியதா காரணம்?

இந்த வகைக் கண்புரைக்கு இல்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் ஒரு பிழையே போதும். துணை சொந்தமா அந்நியமா என்பதால் எதுவும் மாறாது. இரண்டு பிரதியும் கெட்டால்தான் வரும் வேறு வகைகள் உண்டு, அவற்றுக்குச் சொந்தத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும். எது எதுவென்று பார்க்காமல் மருமகளைக் குற்றஞ்சாட்டுவது அநியாயம். முதலில் செய்யவேண்டியது பெற்றோர் இருவரின் கண்ணையும் பிளவு விளக்கில் பார்ப்பது. பிரித்தானியக் குடும்பத்தில் கண்டதைப்போன்ற புரை சிலருக்கு வில்லைக்குள் தூசு தூவினாற்போல் மட்டுமே இருக்கும். ஆயுள் முழுக்கத் தெரியாமலே நடமாடுவார்கள். பாட்டிக்கு இருந்து பேரனுக்கு வந்திருக்கிறதென்றால் நடுவில் உள்ள தகப்பனின் வில்லையைப் பார்க்காமல் ‘பரம்பரை’ என்று எழுதுவது அரைகுறை வேலை.

நம்மவர்களிடம் இது கண்டறியப்பட்டிருக்கிறதா?

மதுரையில். ரேணுகா தேவியும் மருத்துவர் விஜயலட்சுமியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் கொனெக்சின் 50இல் இரண்டு புதிய பிழைகள், 44ஆம் இடத்திலும் 198ஆம் இடத்திலும். அந்தக் குடும்பங்களில் கண்புரையோடு கருவிழியும் சிறியதாக இருந்தது. அது தற்செயல் இல்லை. 50 இல்லாத எலிக்கும் வில்லை மங்குவதோடு கண்ணே சிறுத்துவிடும். 2002இல் ஆய்வாளர் தோமஸ் வைட் எலிகளில் 50இன் இடத்தில் 46ஐ வைத்துப் பார்த்தார். வில்லை தெளிந்தது, கண் வளரவில்லை. தெளிவுக்கு எந்தக் குழாயும் ஆகும். பிறந்த புதிதில் வில்லை பெருக்க 50தான் வேண்டும்.

ஆகவே ‘சத்திரசிகிச்சையால் பார்வை மீண்டது’ என்ற அறிக்கைகளை நான் பாதியாகத்தான் வாசிக்கிறேன். கத்தி மங்கலை எடுக்கும், சிறுத்த கண்ணைப் பெருப்பிக்காது. சிறிய கண்ணில் வில்லை எடுத்தபின் குளுக்கோமா வரும் ஆபத்து கூடுதல். கிளினிக் பல வருடம் தொடரவேண்டும். 2020க்குள் தவிர்க்கக்கூடிய குருட்டுத்தன்மையை ஒழிப்போம் என்று 1999இல் உலக அளவில் அறிவித்த திட்டம் அந்த வருடங்களைச் சரிவர எண்ணவில்லை.

வீட்டில் எப்படிக் கண்டுகொள்வது? ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாக வராமல் வெள்ளையாக வந்தால் அன்றே காட்டுங்கள். அது விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

மரபணுச் சோதனை முடிவு வரும்வரை பொறுக்கலாமா? கூடாது, அது அடுத்த பிள்ளைக்கு உதவும், இந்தப் பிள்ளையின் கெடுவை மாற்றாது.

அடுத்த பிள்ளைக்கும் வருமா? இந்த வகையென்றால் ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதி.

கிரகணத்தில் வெளியே போனதாலா? இல்லை.

சொட்டு மருந்தில் கரையுமா? கரையாது, விளம்பரம் என்ன சொன்னாலும்.

கண்தானத்தில் வில்லை கிடைக்குமா? கிடைக்காது, மாற்றிப் பொருத்துவது கருவிழியை.

முதுமைக் கண்புரைக்கும் இதுதானா? வயதோடு இந்தக் குழாய்கள் தளர்கின்றன, நடுவுக்குக் குளுத்ததயோன் என்ற காப்புப் பொருள் போய்ச்சேர்வது குறைகிறது. நீரிழிவு, வெயில், புகைத்தல் எல்லாம் சேர்ந்து மிச்சத்தைச் செய்கின்றன.